கையுறை யாருக்கு?

இரண்டு பேர், இடம் ஒன்று. இந்தக் கணக்கு எங்கே தோன்றினாலும் உடனே ஒரு வழக்கும் தோன்றிவிடும். கந்தோரிலே தோன்றினால் மேன்முறையீட்டுக் கடிதங்கள் கொழும்புக்குப் பறக்கும். கோயில் பரிபாலன சபையிலே தோன்றினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். விளையாட்டு மைதானத்திலே தோன்றினாலோ, அவ்வழக்கிலே பங்குகொள்ளாதவர் ஊரில் ஒருவரும் இரார். பந்தைக் கையால் தொட்டறியாதவர்களே முதலில் தீர்ப்புக் கூறுவர்.

எமது திருமலை உதைபந்தாட்ட ஊர். ஏகாம்பரம் மைதானத்திலே ஆட்டம் என்றால் துறைமுகத் தொழிலாளர் முதல் வைத்தியசாலைத் தாதியர் வரை அதைப் பற்றியே பேசுவர். எனினும் கிரிக்கெட் வழக்குகளுக்கும் இங்கே குறைவில்லை. மாலையிலே டச்பே கடற்கரையில் மென்பந்து ஆடும் பிள்ளைகளைச் சற்று நின்று கவனித்தால், அவர்கள் ஆடுகின்ற நேரத்திலும் வாதாடுகின்ற நேரமே அதிகம் என்பது புலனாகும். அவ்வாதங்களுள் எம்மிடம் அடிக்கடி வந்துசேருவது, இருவருள் எவரை விக்கெட் காப்பாளராக நிறுத்துவது என்னும் வாதம். இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

கிரிக்கெட் அணியிலே துடுப்பாட்ட வீரருக்கு ஐந்தாறு இடங்கள் உண்டு. பந்து வீச்சாளருக்கு நான்கைந்து இடங்கள் உண்டு. ஒருவருக்கு முன்வரிசையில் இடம் அகப்படாவிட்டால் பின்வரிசையில் அகப்படலாம். விக்கெட் காப்பாளருக்கோ ஒரே இடந்தான். இரண்டாமவர் எத்துணை வல்லவராயினும் தண்ணீர்ப் போத்தல் சுமந்து ஓடுவதே அவருக்கு வாய்த்த பணி. முதலாமவரின் விரல் முறிந்தாலன்றி அவருக்குக் கதவு திறப்பதில்லை. ஆகவேதான் இவ்வழக்கு ஏனைய தெரிவு வழக்குகளிலும் கூர்மையானது.

இலங்கையிலே இது மிக நுட்பமான வடிவத்தில் எழுந்தது 2000ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னர் பல ஆண்டுகள் கையுறை ரொமேஷ் களுவிதாரணவிடம் இருந்தது. அவர் 1992 ஆகஸ்டிலே அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பில் ஆடிய தம் முதல் டெஸ்ட் போட்டியிலேயே, ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் எடுத்தவர். 1996 உலகக் கிண்ணத்திலே சனத் ஜயசூரியவுடன் ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கியவர். அத்தொடரில் அவர் சேர்த்த ஓட்டங்கள் பெரியன அல்ல. ஆனால், முதல் ஓவரிலேயே அடித்தாடப் போகிறோம் என்று எதிரணிக்கு அறிவித்தவர் அவர்.

அவருக்குப் பின் யார்? 2000 ஜூனில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கண்டியில் நடந்த போட்டியில், பிரசன்ன ஜயவர்தன தம் முதல் டெஸ்டை ஆடினார். மூன்றே வாரங்கள் கழித்து, ஜூலையிலே தென்னாபிரிக்காவுக்கு எதிராகக் காலியில், குமார் சங்கக்கார தம் முதல் டெஸ்டை ஆடினார். முன்னவர் மொரட்டுவ புனித செபஸ்தியார் கல்லூரி மாணவர். களுவிதாரணவும் அக்கல்லூரியிற் பயின்றவரே. பின்னவர் கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். வயதிலே இருவருக்கும் இரண்டு ஆண்டே வித்தியாசம். ஒரே வாசற்படியில் ஒரே காலத்திலே வந்து நின்ற இவ்விருவருள், ஒருவர் உள்ளே சென்றார். மற்றவர் ஆண்டுக் கணக்கிலே வெளியிலே காத்திருந்தார்.

சென்றவர் சங்கக்கார. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இடக்கை ஆட்டக்காரர், மூன்றாம் இலக்கத்தில் இறங்கி நாள் முழுவதும் நின்று ஆடக்கூடியவர், விக்கெட்டும் காப்பார். இரண்டு வேலையை ஒருவர் செய்தால் மிஞ்சுகின்ற இடத்தில் இன்னொருவரைச் சேர்க்கலாம் அன்றோ? வீட்டிலே அடுப்படியையும் பார்த்துக் கடைக்கணக்கையும் எழுதத் தெரிந்த மருமகள் வாய்த்தால், மாமியார் கணக்கப்பிள்ளையை நிறுத்திவிடுவது போன்றதே இது.

ஆனால், அம்மருமகளின் முதுகைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கிரிக்கெட் பாராத தாய்மாருக்காக விக்கெட் காப்பாளரின் உழைப்பைச் சற்று விரித்துரைப்போம். டெஸ்ட் போட்டியிலே ஒரு நாளைக்கு 90 ஓவர்கள். ஓவருக்கு 6 பந்து. ஆக 540 முறை அவர் குந்தியெழ வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து தம்மிடமே வரப்போகிறது என்று எண்ணிக் கண்ணை நிறுத்த வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் துடுப்பாட்ட வீரர் அடித்துவிடுவார். ஆயினும் குந்தியது குந்தியதே. எதிரணி இரண்டு நாள் ஆடினால் ஆயிரம் முறைக்கு மேல் ஆகிறது. எதிரணியின் கடைசி விக்கெட் விழுந்து பத்து நிமிடங்களில் அடுத்த இன்னிங்ஸ் ஆரம்பமாகும். மூன்றாம் இலக்கத்தவர் விக்கெட் காப்பாளராகவும் இருந்தால், முதல் ஓவரிலேயே ஒரு விக்கெட் விழுந்துவிடுமாயின், வியர்வை உலருமுன் துடுப்பெடுத்து நடக்க வேண்டியவர் அவரே.

இவ்வளவு பாரத்தோடும் சங்கக்கார சிறப்பாகவே ஆடினார் என்பதை மறத்தலாகாது. 2002 மார்ச்சில் லாகூரிலே பாகிஸ்தானுக்கு எதிராக அவர் 230 ஓட்டங்கள் எடுத்தபோது விக்கெட் காப்பாளரும் அவரே. அப்படியிருந்தும் தெரிவாளர் உள்ளத்தில் ஐயம் இருந்துகொண்டே இருந்தது. 2004இல் களுவிதாரண மீண்டும் அழைக்கப்பட்டுக் கையுறை அணிந்தார். பின்னர் அது சங்கக்காரவிடம் திரும்பிற்று. 2006இலே துணிந்து ஒரு முடிவு செய்தனர்: டெஸ்ட் போட்டிகளில் கையுறை பிரசன்னவுக்கு, சங்கக்கார துடுப்பெடுத்தாடினாற் போதும்.

அவ்வாண்டு ஜூலையிலே கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 14 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, சங்கக்காரவும் மகேல ஜயவர்தனவும் சேர்ந்தனர். அவர்கள் பிரிந்தது 624 ஓட்டங்கள் சேர்த்த பின்னரே. டெஸ்ட் வரலாற்றிலே எந்த விக்கெட்டுக்கும் அதனிலும் பெரிய இணைப்பாட்டம் இல்லை. சங்கக்கார 287, மகேல 374. கையுறை கழன்ற கையின் களிப்பு அதிலே தெரிந்தது என்று அன்று பலரும் கூறினர்.

கணக்கை முழுவதுமாகப் பார்ப்போம். சங்கக்கார விக்கெட் காப்பாளராக ஆடிய டெஸ்ட் 48, ஓட்டங்கள் 3117, சராசரி 40.48, சதம் 7. துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடிய டெஸ்ட் 86, ஓட்டங்கள் 9283, சராசரி 66.78, சதம் 31. ஒரு மனிதர், இரண்டு ஆட்டக்காரர்! முதலாமவரும் நல்லவரே, இரண்டாமவர் உலகிலே மிகச் சிலரோடு வைத்து எண்ணத்தக்கவர்.

இக்கணக்கைக் கண்டதும் மாணவர்கள் "பாருங்கள் சேர், வழக்கு முடிந்தது" என்பர். வகுப்பிலே நாம் கற்பிப்பது இதுவன்று. விக்கெட் காத்த ஆண்டுகள் பெரும்பாலும் அவருடைய இருபதுகள்; காவாத ஆண்டுகள் முப்பதையொட்டியும் முப்பதுக்கு மேலும் வந்தவை. துடுப்பாட்டக் கலை பெரும்பாலும் அந்த வயதிலேதான் முதிர்கிறது. கையுறை அவர் கையில் இருந்திருந்தாலும் சராசரி ஓரளவு உயர்ந்தே இருக்கும். ஆகவே, 26 ஓட்ட வித்தியாசம் முழுவதையும் கையுறையின் தலையிலே சுமத்துதல் நீதியன்று. ஆனால் வயது ஒன்றே இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்துவிடும் என்று நம்பவும் எம்மால் இயலவில்லை. பாதி வயதுக்கும் பாதி முதுகுக்கும் கொடுப்போம்.

இனி மற்றத் தட்டிலே பிரசன்னவை நிறுத்துப் பார்ப்போம். 2015 வரை அவர் ஆடிய டெஸ்ட் 58. துடுப்பாட்டச் சராசரி 29.50, சதம் 4. நவீன காலத்து விக்கெட் காப்பாளருக்கு இஃது உயர்ந்த கணக்கன்று. ஆனால், கணக்குப் புத்தகத்திலே விக்கெட் காப்பவரின் வேலை பாதிக்கு மேல் பதிவதே இல்லை. பிடித்த பிடி பதிகிறது; பிடித்திருக்க வேண்டியது பதிவதில்லை. பந்து வீச்சாளர் "இவர் பின்னால் நிற்கிறார், துணிந்து வீசலாம்" என்று மனத்திலே கொள்ளும் தெம்பு எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

அத்தெம்பு எங்கும் வேண்டியதே. இலங்கை அணியிலே அது பன்மடங்கு வேண்டியிருந்தது. காரணம், முத்தையா முரளிதரன். அவர் பந்து உள்ளே திரும்புமா, வெளியே திரும்புமா என்று துடுப்பாட்ட வீரர் தடுமாறினார். விக்கெட்டை ஒட்டிக் குந்தியிருப்பவருக்கும் அதே கேள்விதான், அதுவும் துடுப்பும் காலும் பந்தை மறைத்து நிற்கையில். 2010இலே முரளிதரன் 800 விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். அவற்றுள் ஸ்டம்பிங் முறையிலே விழுந்தவை 47. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால், விக்கெட் காப்பாளர் மந்தமானவர் என்று தெரிந்தால் துடுப்பாட்ட வீரர் அச்சமின்றி இறங்கி வந்து அடிப்பார். பின்னால் நிற்பவர் வல்லவர் என்று தெரிந்தால் கோட்டுக்குள்ளேயே காலைக் கட்டிக்கொண்டு நிற்பார். நின்ற இடத்திலே பிடி கொடுப்பார். அந்த விக்கெட்டும் ஒருவகையில் காப்பாளருடையதே.

பிரசன்னவுக்குத் துடுப்பெடுக்கவே தெரியாது என்று எவரும் எண்ணவேண்டா. 2009 நவம்பரிலே அகமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக அவரும் மகேலவும் ஆறாவது விக்கெட்டுக்கு 351 ஓட்டங்கள் சேர்த்தனர். பிரசன்ன ஆட்டமிழக்காமல் 154. அந்நாளில் அந்த விக்கெட்டுக்கு அஃது உலக சாதனை. 2014இல் நியூசிலாந்தின் பிரண்டன் மெக்கலமும் பி.ஜே. வொட்லிங்கும் 352 சேர்த்து அதை முறியடித்தனர்.

எனவே டெஸ்ட் போட்டியைப் பொறுத்தவரை 2006இன் தீர்ப்பைச் சரியென்றே கொள்கிறோம். ஆனால் அத்தீர்ப்பை அளந்த கோலைக் கவனிக்க வேண்டும். "இருவருள் வல்லவர் யார்?" என்று கேட்டிருந்தால் பிரசன்ன ஒருபோதும் உள்ளே வந்திரார். தெரிவாளர் கேட்ட கேள்வி வேறு: "கையுறையைக் கழற்றிவிட்டால் இவர் அணியில் இருப்பாரா?" சங்கக்கார இருப்பார், பிரசன்ன இரார். ஆகவே, கையுறை இல்லாமலும் வாழக்கூடியவரிடமிருந்து அதை வாங்கி, அது இல்லாமல் வாழ முடியாதவரிடம் கொடுத்தனர். இருவரும் அணிக்குள் வந்தனர்.

இருவரும் வந்தால் பதினொருவர் பன்னிருவராகிவிடுவாரா? ஆகார். மூன்றாம் ஆள் ஒருவர் வெளியே போனார். ஆறாம் இலக்கத்தில் ஆடக் காத்திருந்த ஏதோ ஒரு துடுப்பாட்ட வீரர் அவர். சங்கக்காரவா பிரசன்னவா என்று நாடே வாதாடிய காலத்தில், அவருக்காக வாதாடியவர் எவரும் எம் காதுக்கு எட்டவில்லை. இதனை மாணவர்கள் மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வேடிக்கை என்னவெனில், அதே தெரிவாளர், அதே ஆண்டுகளில், ஒருநாள் போட்டிகளுக்கு நேர்மாறான தீர்ப்பை வழங்கினர். அங்கே கையுறை சங்கக்காரவுக்கே. 2007, 2011 உலகக் கிண்ண இறுதியாட்டங்களிலே விக்கெட் காத்தவர் அவர். 2015 உலகக் கிண்ணத்திலே தொடர்ந்து நான்கு சதம் அடித்தபோதும் கையுறையோடுதான் இருந்தார். ஒருநாள் போட்டிகளில் அவர் பிடியாலும் ஸ்டம்பிங்காலும் ஆட்டமிழக்கச் செய்தவர்கள் 482 பேர். பிரசன்ன ஆடிய ஒருநாள் போட்டிகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒருநாள் ஆட்டத்திலே குந்தியெழுவது 300 முறையோடு முடிகிறது. அடித்தாட இன்னொரு துடுப்பு இருந்தால் அதன் பயன் அங்கே அதிகம். மனிதர் மாறவில்லை, வேலை மாறிற்று.

இங்கிலாந்திலே இதே வழக்கு வேறு விதமாக முடிந்தது. அங்கே அலன் நொட், பொப் டெய்லர் என இருவர். கையுறை வேலையிலே டெய்லரே மேல் என்று கூறுவோர் பலர் இருந்தனர். ஆனால் நொட் டெஸ்டிலே ஐந்து சதம் அடித்தவர், சராசரி 32.75, டெய்லரின் சராசரி 16.28. நொட் துடுப்பாட்டத்துக்காக மட்டும் அணியிலே இருக்கத்தக்கவர் அல்லர். ஆதலால் இருவரையும் ஒருங்கே சேர்க்கும் வழி அங்கே இல்லை. டெய்லர் 1971இலே நியூசிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் ஆட 1977 டிசம்பர் வரை காத்திருந்தார். அதுவும் நொட் கெரி பெக்கரின் தனியார் தொடருக்குச் சென்ற காரணத்தாலே கிடைத்தது. முப்பதாவது வயதை ஒட்டிய ஆறேழு ஆண்டுகள்! அவர் கவுண்டி ஆட்டங்களிலே தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தார். முதல்தர கிரிக்கெட்டிலே 1649 பேரை ஆட்டமிழக்கச் செய்து அவர் நிறுவிய சாதனை எவராலும் முறியடிக்கப்படாதது.

பின்னர் அடம் கில்கிறிஸ்ட் வந்தார், உலகமே மாறிற்று. 1999இலே அவுஸ்திரேலியாவில் இயன் ஹீலி, அந்நாளில் உலக சாதனையாக இருந்த 395 ஆட்டமிழப்புகளோடு ஓய்வு பெற்றார். அந்த இடத்திலே வந்த கில்கிறிஸ்ட், தம் இரண்டாவது டெஸ்டிலேயே, ஹோபார்ட்டில் 369 என்னும் இலக்கைத் துரத்தியபோது ஆட்டமிழக்காமல் 149 எடுத்து வெற்றி தேடித்தந்தார். அன்று முதல் எல்லா நாட்டுத் தெரிவாளரும் தத்தம் நாட்டிலே ஒரு கில்கிறிஸ்டைத் தேடத் தொடங்கினர். அவரைப் போன்றவர் நூற்றாண்டுக்கு ஒருவரே பிறப்பர் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அதனாலே பல நாடுகளிலும் நல்ல கையுறைகள் பெட்டியிலே கிடந்து பூஞ்சணம் பிடித்தன.

ஆயினும் துடுப்பு வென்ற இடங்களையும் மறைத்தல் கூடாது. 2020 டிசம்பரில் அடிலெய்டிலே இந்திய அணி நல்ல காப்பாளராகிய விருத்திமான் சாஹாவோடு இறங்கி, 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அடுத்த போட்டியிலிருந்து ரிஷப் பந்த். சிட்னியில் அவர் ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு பிடிகளை நழுவவிட்டார். பார்த்தவர்கள் தலையிலே கை வைத்தனர். அதே போட்டியின் கடைசி நாளில் 97 அடித்துத் தோல்வியிலிருந்து அணியைத் தூக்கினார். அடுத்து 2021 ஜனவரி 19இலே பிறிஸ்பேனில் ஆட்டமிழக்காமல் 89. இந்தியா 328 என்னும் இலக்கை எட்டிற்று. 1988க்குப் பின் அந்த மைதானத்தில் அவுஸ்திரேலியா தோற்றது அன்றுதான். நழுவிய பிடிகளின் விலையையும் அடித்த ஓட்டங்களின் மதிப்பையும் அருகருகே எழுதிப் பார்த்தால், அந்தத் தொடரில் பந்தின் பக்கமே தட்டுச் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வழக்கிலே தமிழ் வாசகர் பலரும் நினைவுகூருபவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். அவர் 2004 நவம்பரில் மும்பையிலே டெஸ்ட் ஆட வந்தார். 2005 டிசம்பரில் அவருடைய சொந்த ஊராகிய சென்னையிலேயே, அதுவும் இலங்கைக்கு எதிராக, மகேந்திர சிங் தோனி தம் முதல் டெஸ்டை ஆடினார். அதன்பின் கார்த்திக்குக்குக் கையுறை கிடைத்த நாட்கள் அரியவை. 2007இலே இங்கிலாந்திற்கு அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக அழைத்துச் சென்றனர். அத்தொடரை இந்தியா வென்றது. இந்திய அணியிலே அதிக ஓட்டங்கள் எடுத்தவர் கார்த்திக். ஒரு கதவு சாத்தப்பட்டால் பக்கத்துக் கதவைத் தட்டும் வகை அது. எனினும் அந்தக் கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. தோனி 90 டெஸ்ட் ஆடினார், கார்த்திக் 26. அவரைப் பெரும்பாலோர் நினைவில் நிறுத்திய ஆட்டம் எமது கொழும்பிலே நடந்தது. 2018 மார்ச் 18, சுதந்திரக் கிண்ண இறுதியாட்டம். பங்களாதேஷுக்கு எதிராக 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். கடைசிப் பந்திலே ஐந்து ஓட்டம் தேவை என்ற நிலையில் ஆறு. பதினான்கு ஆண்டுக் காத்திருப்பை எட்டுப் பந்தில் ஈடுசெய்துவிட்டார் என்று எழுதினார்கள். நாம் அதை ஒப்பவில்லை. ஆறு ஆறுதான், ஆண்டுகள் ஆண்டுகள்தான்.

இத்தனையும் எழுதக் காரணமாக இருந்தது எமது துறைமுகப் பகுதிப் பாடசாலை அணியொன்றின் வழக்கு. கிரிக்கெட் பொறுப்பாசிரியர் எமது நண்பர். அவரிடம் இரண்டு காப்பாளர்கள். ஒருவன் கடற்றொழிலாளியின் மகன். பூனைபோலக் குந்துவான், பந்து அவன் கைக்குள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். துடுப்பெடுத்தால் ஒன்பதாம் இலக்கம். மற்றவன் கச்சேரி எழுதுவினைஞரின் மகன். நான்காம் இலக்கத்தில் நன்றாக ஆடுவான்; விக்கெட்டும் ஓரளவு காப்பான். சென்ற பருவம் முழுவதும் காத்தவன் இவனே. இப்போது இரு வீட்டாரும் தனித்தனியே ஆசிரியரிடம் வந்து போகின்றனர். விளையாட்டுச் சான்றிதழ் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலே உதவும் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். கடற்றொழிலாளியார் எம்மையும் வழியிலே கண்டு நிறுத்தினார். "மாஸ்டர், எங்கட வீட்டில துடுப்பெண்டால் தோணி வலிக்கிறதுதான். ஆனால் பெடியன் பிடிச்சால் விடமாட்டான்" என்றார். எழுதுவினைஞரோ சென்ற பருவத்துப் புள்ளிப் புத்தகத்தின் பிரதியையே கொண்டுவந்து காட்டினார். இருவர் கூறியதும் உண்மையே.

நண்பர் எமது கருத்தைக் கேட்டார். அவ்வணியின் ஓவர்களிலே பாதிக்கு மேல் வீசுபவர் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள். பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து நன்றாகத் திரும்பும். எதிர்பாராமல் எழும்பவும் செய்யும். பாடசாலை ஆட்டங்களிலே இரு தரப்பும் எடுக்கின்ற ஓட்டங்கள் குறைவு. பல இன்னிங்ஸ்களில் அணியின் இரண்டாவது பெரிய ஆட்டக்காரர் 'உதிரிகள்' என்பவரே! காப்பாளர் விட்ட பந்துகளும் அகலப் பந்துகளும் சேர்ந்து இருபது, முப்பது ஓட்டங்களைத் தானமாகக் கொடுத்துவிடுகின்றன. இத்தகைய ஆட்டத்திலே நல்ல கையுறை முப்பது ஓட்டம் அடிக்கும் துடுப்புக்குச் சமம். எழுதுவினைஞரின் மகனோ கையுறையைக் கழற்றினாலும் நான்காம் இலக்கத்தை இழக்கமாட்டான். ஆகவே கையுறை கடற்றொழிலாளியின் மகனுக்கே என்று கூறினோம். கேட்டவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் ஏழாம் இலக்கத்தவனை என்ன செய்வது?" என்றார்.

அதுதான் நாம் முன்னர் குறித்த மூன்றாம் ஆள். ஏழாம் இலக்கத்தில் ஆடும் சிறுவன். பெரிதாக அடித்ததுமில்லை, அணியைக் கைவிட்டதுமில்லை. அவனுடைய தகப்பனார் எவரிடமும் வந்து பேசவில்லை. இருவரையும் சேர்க்கும் இந்தத் தீர்ப்பு அவனையே வெளியே அனுப்புகிறது. தீர்ப்பு மாற வேண்டும் என்று நாம் கருதவில்லை. ஆனால், அது அவனுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதிலே எமக்குக் கருத்து உண்டு.

உதைபந்தாட்ட அன்பர்கள் 2014 உலகக் கிண்ணத்தை மறந்திரார். நெதர்லாந்து கொஸ்தா ரிக்காவுடன் ஆடிய காலிறுதியிலே, மேலதிக நேரமும் முடியும் தறுவாயில், பயிற்றுநர் லூயி வான் ஹால் தம் கோல் காப்பாளர் சிலெசனை வெளியே அழைத்து, தண்ட உதைகளைத் தடுப்பதற்காகவே டிம் குருலை உள்ளே அனுப்பினார். குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. உலகமே அந்த மதியூகத்தைப் புகழ்ந்தது. ஆனால் இந்தத் திட்டம் குருலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, சிலெசனுக்குத் தெரியாது. வெளியே வந்தவர் அங்கிருந்த போத்தலை உதைத்ததைத் தொலைக்காட்சியிலே எல்லாரும் கண்டனர். பின்னர் அவர் வருத்தந் தெரிவித்தார். அரையிறுதியிலோ மாற்று ஆட்டக்காரர் மூவரும் முன்னரே இறக்கப்பட்டுவிட்டதனால், ஆர்ஜென்டீனாவின் தண்ட உதைகளுக்கு எதிரே நின்றவர் அதே சிலெசன். ஒன்றையேனும் அவரால் தடுக்க முடியவில்லை. முந்திய ஆட்டத்திலே 'இந்த வேலைக்கு நீ போதாது' என்று உலகறிய உணர்த்தப்பட்டவர், அன்று எந்த மனத்தோடு அங்கே நின்றாரோ?

இதனை நண்பருக்கு எடுத்துரைத்தோம். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை அறிவித்தற் பலகையிலே ஒட்டப்படுகிறது. அதற்கு முன்னர் மூவரையும் தனித்தனியே அழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றோம். காப்பாளர் இருவருக்கும் தாமே சொல்வதாக அவர் ஏற்றார். மூன்றாமவனைப் பற்றிச் சற்று யோசித்துவிட்டு, "அவன் உங்கள் வகுப்புப் பிள்ளைதானே? தீர்ப்பும் உங்களுடையது. நீங்களே சொல்லுங்கள்" என்றார். வியாழக்கிழமை இடைவேளைக்கு அவனை வரச் சொல்லியிருக்கிறோம்.